நீலகிரி மலை ரயில் பெட்டிகள்: எங்கே நின்று பார்ப்பது, எந்த அளவில் கட்டுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரயில் வளைவில் திரும்பி வரும்போது முதலில் கண்ணில் படுவது இன்ஜின் அல்ல, பெட்டி. நீலமும் கிரீமும் பூசிய பெட்டியின் முன் மேடையில் கொடியோடு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு வருவார். இன்ஜின் கடைசியில் இருந்து தள்ளிக்கொண்டு வரும். இந்த ரயிலின் முகமே பெட்டிதான் என்பதால் மாடல் கட்டுபவர் முதலில் கை வைக்க வேண்டியதும் பெட்டியில்தான். இந்தப் பாதையின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் தொடங்கி, நான்கு சிலிண்டர்களுக்கும் பல்சக்கரங்களுக்கும் இடையில் சிக்கி, பெட்டி வரைக்கும் வராமலே நின்றுபோகும் வேலைகள் நிறைய.

பாதையைப் பற்றிக் கொஞ்சம். மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கு இடையில் ஒரு மீட்டர்), ஏறத்தாழ 46 கி.மீ. குன்னூர் வரை 1899-லும், உதகமண்டலம் வரை 1908-லும் திறக்கப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில் ஆப்ட் முறைப் பல்தண்டவாளம் (நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டங்கள், அவற்றை இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும்), ஏற்றம் கிட்டத்தட்ட 12-க்கு 1. எக்ஸ் வகை இன்ஜின்கள் முதலில் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தன. 2011-க்குப் பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகக் கட்டித் தந்திருக்கிறது. குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின்.

எங்கே நின்று பார்ப்பது

மாடலுக்காகப் பார்ப்பதும் ரசிக்கப் பார்ப்பதும் ஒன்றல்ல. ரசிக்க வந்தவருக்குக் கல்லார்தான். நிலையத்தைத் தாண்டியதும் பல்தண்டவாளம் தொடங்கும். இன்ஜின் வேகத்தைக் குறைத்து, பல்லில் பல் சேர்த்து ஏறத் தொடங்கும்போது சத்தமே மாறிவிடும். அதுவரை இரண்டு சிலிண்டர் வேலை செய்தது, இனி நான்கும் வேலை செய்யும். பெட்டியின் அளவுகளை எடுக்க வந்தவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. பக்கவாட்டுப் படம் ஒன்றிரண்டு கிடைக்கும், அவ்வளவே.

மேட்டுப்பாளையம் நடைமேடையில் காலை 7.10-க்கு ரயில் கிளம்பும் முன் நேரம் இருக்கும். ஆனால் கூட்டமும் இருக்கும், வெளிச்சம் போதாது. பெட்டியின் கீழ்ப்பகுதியை நடைமேடை மறைத்துவிடும். போகி (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டம்), பிரேக் கம்பி, படிக்கட்டின் அடிப்பாகம் எதுவும் கிடைக்காது.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும் சில நிமிடங்கள் பொன்னானவை. பயணிகள் இறங்கிவிடுவதால் கதவுகள் திறந்திருக்கும். உள் இருக்கை, கதவின் கனம், கீல் வைத்த இடம் எல்லாம் தெரியும். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் விடாது, அதைப் பையில் போட்டுவிட்டு டேப்பை எடுங்கள். கதவின் அகலம், ஜன்னலின் அகலம், இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான மரச்சட்டம் என்ற மூன்று அளவுகள் போதும். மீதி எல்லாவற்றையும் படத்திலிருந்து கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

குன்னூர்தான் இருப்பதிலேயே நல்ல இடம். இன்ஜின் கழன்று போகும், டீசல் வந்து சேரும். அந்த இடைவெளியில் பெட்டியின் கடைசி முகம் எதுவும் ஒட்டாமல் வெறுமையாக நிற்கும். நடைமேடையின் முனையில் நின்று நேர் எதிராக ஒரு படம் எடுங்கள். தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை 1000 மி.மீ. என்பது தெரிந்த அளவு. படத்தில் அது 400 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 2.5 மி.மீ. பெட்டியின் அகலம், கூரை வளைவின் உயரம் எல்லாம் இப்படியே வந்துவிடும். இரண்டு இடங்களில் தப்பு நடக்கும். கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையும். தள்ளி நின்று ஜூமில் எடுக்க வேண்டும். இரண்டாவது, கேஜை அளக்கும் புள்ளி பெட்டியின் முகத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். ஒரு மீட்டர் முன்னால் உள்ள தண்டவாளத்தை அளந்தால் பெட்டி மெலிந்துவிடும்.

ரயிலுக்குள் உட்கார்ந்து போவதில் ஒரே ஒரு லாபம், ஆனால் பெரிய லாபம்: வளைவுகளில் முன்பெட்டியின் கூரை தெரியும். கூரைக் காற்றுப்போக்கிகள், மழைநீர் ஓரப்பட்டை இவற்றைத் தரையில் நின்று பார்க்கவே முடியாது. பல்தண்டவாளப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கி.மீ.க்குள்தான். ஓடும் ரயிலைப் பக்கவாட்டில் எடுப்பவர் ஷட்டரை 1/500 வினாடி வைத்தால் பெட்டி 7 மி.மீ. மட்டுமே நகரும். 1/125 வைத்தால் 29 மி.மீ. நகர்ந்து, சுவரின் மரப்பலகைகளின் கோடு அழிந்துபோகும்.

வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண் சரிந்து சேவை அடிக்கடி நிறுத்தப்படும். வெளியூரிலிருந்து வருபவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. பாதையில் இறங்கி நடப்பது சட்டப்படி குற்றம், சுரங்கங்களும் பாலங்களும் நிறைந்த இந்தப் பாதையில் உயிருக்கும் ஆபத்து.

எந்த அளவு

போட்டி உண்மையில் மூன்று அளவுகளுக்கு இடையில்தான். (1:87 என்றால் நிஜத்தில் 87 மி.மீ. மாடலில் 1 மி.மீ. ஆகும்.) 1:76.2-ல் 12 மி.மீ. பாதை போடுவோர் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் கேஜ் 914 மி.மீ. ஆகிவிடும், அது மூன்றடிக் கேஜ். பெட்டி பாதைக்கு மேல் பிதுங்கி நிற்பது நேர் எதிரில் பார்த்ததும் தெரிந்துவிடும். அதை விட்டுவிடலாம்.

முதலாவது ஹெச்ஓ-எம், அதாவது ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவில் மீட்டர் கேஜ். பாதை 12 மி.மீ. கேஜ் 1044 மி.மீ. கணக்கு, அதாவது நாலரை சதவீதத்துக்கும் குறைவான பிசகு. 10 மீட்டர் நீளம் 115 மி.மீ.க்குள் அடங்கும்; மூன்று பெட்டியும் இன்ஜினும் மேஜை மேலேயே ஓடும். இதன் பெரிய பலம், ஸ்விஸ் ஃபுர்கா-ஓபரால்ப் பாதையும் மீட்டர் கேஜ், அதுவும் ஆப்ட் முறை. அந்தப் பாதைக்காக பெமோ என்ற மாடல் நிறுவனம் தயாரிக்கும் பல்தண்டவாளமும் பல்சக்கர இன்ஜின் அடித்தளமும் இங்கே பொருந்தும். மனித உருவங்களும் இந்த அளவில்தான் ஏராளம். பலவீனம் விலை, எல்லாமே இறக்குமதி.

இரண்டாவது 1:64, பாதை 16.5 மி.மீ. சாதாரண ஹெச்ஓ தண்டவாளமும் ஹெச்ஓ போகியும் சக்கரமும் அப்படியே பயன்படும். கேஜ் 1056 மி.மீ. ஆகும், ஐந்தரை சதவீதம் அகலம்; கண்ணுக்கு உறுத்தாது. 10 மீட்டர் இங்கே 156 மி.மீ. ஸ்லீப்பர்கள் மட்டும் நெருக்கமாகத் தெரியும். அடியில் இணைக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஸ்லீப்பர்களை நகர்த்தி இடைவெளியை அகட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவுக்குக் குறை ஒன்று உண்டு: உருவங்கள் அரிது. ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக்ஸ்மேன் வேண்டும், அவரை நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஜி. 1:22.5, பாதை 45 மி.மீ. கேஜ் கிட்டத்தட்ட அச்சு அசல், பிசகு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். எல்ஜிபி நிறுவனத்தின் பல்தண்டவாளம் கிடைக்கும். பெட்டியின் ஒவ்வொரு கீலையும் செய்யலாம், கதவு திறந்து மூடும். ஆனால் 10 மீட்டர் என்பது 444 மி.மீ. இந்தப் பாதையின் மிகக் கூர்மையான வளைவு ஏறத்தாழ 100 மீட்டர் ஆரம். அதை ஜி அளவில் உள்ளபடி போட்டால் ஆரம் மட்டும் நாலரை மீட்டர் வரும். தோட்டமோ மொட்டைமாடியோ இல்லாதவருக்கு ஓட்டுவதற்கான அளவு அல்ல இது. ஒரே ஒரு பெட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க என்றால் இதற்கு நிகர் இல்லை.

பல்தண்டவாளத்தைக் கண்ணுக்குக் காட்டும் விஷயத்தில் மூன்றும் வெகுவாக வேறுபடும். நிஜத்தில் இரண்டு பற்சட்டங்கள் 44 மி.மீ. இடைவெளியில், தண்டவாளத்துக்கு 65 மி.மீ. மேலே இருக்கின்றன. ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக அமைந்திருக்கும்; பல்லுக்குப் பல் 120 மி.மீ. இது ஹெச்ஓ-வில் 1.4 மி.மீ., ஜி-யில் 5.3 மி.மீ. 1:64-ல் 1.88 மி.மீ. வருகிறது. மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 0.6 கொண்ட பற்சட்டத்தின் பல் இடைவெளி 1.885 மி.மீ. என்பதால் இயந்திரக் கடையில் கிடைக்கும் சட்டமே கச்சிதமாகப் பொருந்திவிடும். இரண்டு சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றை அரைப் பல், அதாவது 0.94 மி.மீ., தள்ளி ஒட்டினால் போதும்.

ஏற்றமும் எடையும்

பலர் தோற்பது இங்கேதான். சமதளத்துக்கான எடை விதிப்படி, ஹெச்ஓ-வில் அடிப்படை 28 கிராம், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். 115 மி.மீ. பெட்டிக்கு 91 கிராம் வரும். மூன்று பெட்டிக்கு 273. பல்சக்கரம் இல்லாத 250 கிராம் இன்ஜின் ஒன்று தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 50 கிராம், தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-க்கு 1 ஏற்றத்தில் தன்னையே ஏற்ற 21 கிராம் போய்விடும். மீதி 29. பெட்டிகளை ஏற்ற 23, உராய்வுக்கு 8, ஆக 31 தேவை. சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். பெட்டிக்கு 60 கிராம் வைத்தால் தேவை 21-க்குள் அடங்கிவிடும்.

60-க்கும் கீழே இறக்கக் கூடாது. பின்னாலிருந்து தள்ளும்போது லேசான பெட்டி வளைவில் வெளிப்பக்கம் எழும்பித் தடம் புரளும். எடையைத் தரையோடு தரையாக, போகிகளுக்கு நேர் மேலே ஒட்டுங்கள், கூரைக்குள் வேண்டாம். கொக்கியைப் போகியில் மாட்டினால் தள்ளும் விசை போகியையே திருப்பிவிடும். அதனால் பெட்டியின் உடலில் மாட்டுங்கள், அல்லது மூன்று பெட்டிகளையும் நிலையான இணைப்புக் கம்பியால் கோத்துவிடுங்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தைச் சட்டென்று மடிக்காமல் 350 மி.மீ. நீளத்துக்குப் படிப்படியாக உயர்த்த வேண்டும். இல்லையென்றால் ஒரு கொக்கி மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும்.

எதில் கட்டுவது

சுவரின் கனத்தை முதலில் கணக்குப் போடுங்கள். லேசரில் வெட்டிய 2 மி.மீ. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) ஹெச்ஓ-வில் 174 மி.மீ. சுவராகிவிடும், ஜன்னலில் கோட்டைச் சுவர் போலத் தெரியும். அதே பலகை ஜி-யில் 45 மி.மீ., மிகச் சரி. ஹெச்ஓ-வுக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக் தகடு), 1:64-க்கு 0.75 மி.மீ. ஸ்டைரீன்.

ஸ்டைரீனை இரண்டு அடுக்காக ஒட்டுவதே வழக்கம்: உள் அடுக்கில் ஜன்னல் சட்டம், வெளி அடுக்கில் பட்டைகள். அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் கரைப்பான் வாரக்கணக்கில் வெளியேறி, சுவரை வாழையிலைபோல் சுருட்டிவிடும். உள் அடுக்கில் இருக்கை மறைக்கும் இடங்களில் 1 மி.மீ. துளைகள் போட்டு, ஒட்டியதும் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு நாள் அழுத்தி வையுங்கள். பெட்டியின் தரையிலும் துளை வேண்டும்.

அட்டை மலிவு, வெட்டுவது சுலபம். நம்மூர் ஈரக்காற்றில் உப்பிவிடும் என்பதால் வெட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஷெல்லாக் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரம் ஏறி வளையும். ஜி அளவுக்குத் தேக்குச் சீவல்தான் அழகு.

3டி பிரிண்டில் இழை முறை வேண்டாம், 0.2 மி.மீ. அடுக்குக் கோடுகள் மரப்பலகைக் கோடுகளோடு மோதும். ரெசின் முறை போகி, காற்றுப்போக்கி, கைப்பிடி போன்ற சின்ன உறுப்புகளுக்கு அருமை. நீளமான பக்கச்சுவரை ரெசினில் எடுத்தால் நாளாக நாளாக நடுவில் தொய்யும். சுவருக்கு ஸ்டைரீன், சின்ன உறுப்புகளுக்கு ரெசின் என்று கலந்து கட்டுவதே இரண்டு சின்ன அளவுகளிலும் சிறந்த வழி.

வண்ணம்: கிரீம் முதலில், நீலம் பிறகு. திருப்பிச் செய்தால் நீலம் கிரீமுக்குள் ஊடுருவித் தெரியும். கிரீம் நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் மறுபடி லேசாகக் கிரீமே அடியுங்கள். பட்டைகளின் பள்ளத்தில் உள்ள இடைவெளியை அது அடைத்துவிடும், நீலம் கசியாது. மழைநாளில் லாக்கர் அடித்தால் வெண்படலம் பூக்கும். என்சி தின்னரை ஸ்டைரீனில் காட்டவே கூடாது, உருகிவிடும். ஜன்னல் தகட்டை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி தகட்டை மங்கடித்துவிடும், துடைத்தாலும் போகாது.

பல்சக்கரத்தில் உண்மையாகவே ஏற வேண்டும் என்றால் ஹெச்ஓ-எம், செலவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியை உள்ளும் புறமும் அசலாகக் கட்ட ஜி. இரண்டுக்கும் நடுவில், இங்கே கிடைக்கும் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் வைத்து, கண்ணுக்குத் தெரியும் பற்சட்டத்தோடு மூன்று பெட்டி ரயில் என்றால் 1:64. முதல் முறை கட்டுபவருக்கு எங்கள் வாக்கு இதற்குத்தான். மேட்டில் முன்னால் போகும் பெட்டியை முதலில் கட்டுங்கள். மேடை, கைப்பிடிக் கம்பி, பிரேக் சக்கரம், பிரேக்ஸ்மேன் நான்கும் அதில் முடிந்துவிட்டால் அதே அச்சில் மற்ற இரண்டும் பாதி நேரத்தில் வந்துவிடும்.