ஓராத்சியோ, ப்ரெக்ஸ்: இரண்டும் செபம்தானா?

லத்தீனில் செபத்தைக் குறிக்கும் சொற்களில் முக்கியமானவை ஓராத்சியோ, ப்ரெக்ஸ். அகராதி இரண்டுக்கும் 'செபம்' என்று பொருள் சொல்லும். ஆனால் பிறந்த வீடு வேறு.

ரோமானியப் பேச்சாளர் கிகெரோவின் (சிசரோ) காலத்தில் ஓராத்சியோ என்றால் பேச்சு, மேடை உரை. பின்னர் கிறிஸ்தவர்கள்தான் அதைக் கடவுளிடம் பேசும் பேச்சாக்கினார்கள். ஸ்பானிய மொழியின் 'ஒராசியோன்' இன்றும் செபத்தையும் குறிக்கும், இலக்கணத்தில் வாக்கியத்தையும் குறிக்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ப்ரெக்ஸ் அப்படியில்லை. அது தொடக்கம் முதலே கெஞ்சல். பெரும்பாலும் 'ப்ரேகெஸ்' என்று பன்மையில்தான் வரும். ஒருமுறை கேட்டு யாரும் நிறுத்துவதில்லையே! இதன் உறவுச் சொல் 'ப்ரெகாரியுஸ்'. கெஞ்சிப் பெற்றது, கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது என்று பொருள். கையேந்தி நிற்பவனின் நிலை அந்த ஒரு சொல்லில் தெரிகிறது.

சரி, கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியில்? இயேசு கற்பித்த செபம் 'ஓராத்சியோ தொமினிக்கா'. அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் பெருஞ்செபமோ 'ப்ரெக்ஸ் யூகாரிஸ்திக்கா'. தமிழில் அது நற்கருணை மன்றாட்டு. 'மன்றாட்டு' என்ற சொல்லில் ப்ரெக்ஸின் கெஞ்சல் அப்படியே இருக்கிறது. 'செபம்' என்று போட்டிருந்தால் அது வந்திருக்காது.