படம் அசல்தானா? பிளாக்செயின், கேமரா கையொப்பம், சான்றிதழ்: சென்னைக்கு எது உதவும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு வதந்தி சென்னை முழுக்கச் சுற்றியது. பண்ணை அதை மறுத்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழைக்கு நடுவே, பெருங்களத்தூர் பக்கம் முதலை ஒன்று சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. இந்த முறை அது உண்மை. அந்தப் பகுதி நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதை அரசு அதிகாரிகளே சொன்னார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நமக்கு இரண்டு வேலை: பொய்யைப் பிடிப்பது, உண்மையை நிரூபிப்பது. இரண்டுக்கும் ஒரே கருவி போதாது. "பிளாக்செயின் வந்தால் போலிப் படமே இருக்காது" என்று விற்கிறவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் மறைக்கிறார்கள்.

முதலில் பிளாக்செயின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பலருடைய கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும், பின்னால் திருத்த முடியாத ஒரு பொதுப் பதிவேடு அது. வீடியோ அதில் ஏறுவதில்லை. பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தின் பதிவேட்டில் ஒரு பிளாக்கின், அதாவது ஒரு பக்கத்தின், அளவே 4 எம்பியைத் தாண்டாது. போனில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. ஏறுவது ஹாஷ் மட்டும், அதாவது ஃபைலின் டிஜிட்டல் கைரேகை. எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்குமுறை, எவ்வளவு பெரிய ஃபைலையும் 64 எழுத்து கொண்ட ஒரு கைரேகையாக மாற்றித் தரும். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் ரேகை முழுதும் மாறிவிடும். அந்த ரேகையைப் பொதுப் பதிவேட்டில் போட்டால், இந்த ஃபைல் இந்தத் தேதிக்கு முன்பே இருந்தது, அதற்குப் பின் மாறவில்லை என்று காட்டலாம். அதோடு முடிந்தது. படத்தில் இருப்பது வேளச்சேரியா விஜயவாடாவா என்று பதிவேட்டுக்குத் தெரியாது. பொய்யான வீடியோவைப் பதிவு செய்தாலும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும்.

இந்த யோசனை பிட்காயினைவிடப் பழையது. ஹேபர், ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991இல் டிஜிட்டல் ஆவணத்துக்குக் காலமுத்திரை இடும் வழியை எழுதினார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் வாரந்தோறும் ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. அச்சாகி ஊரெல்லாம் போன பேப்பரை யார் திருத்த முடியும்? பிட்காயினை அறிமுகப்படுத்திய கட்டுரையே இவர்களை மேற்கோள் காட்டுகிறது.

செய்தி நிறுவனங்களும் முயன்று பார்த்திருக்கின்றன. இத்தாலியின் அன்சா 2020இல் தன் செய்திகளை எதீரியம் என்ற பிளாக்செயினில் பதிந்தது. ஃபாக்ஸ் நிறுவனம் 2024 ஜனவரியில் பாலிகான் என்ற இன்னொரு பிளாக்செயினில் இதுபோன்ற சேவையைத் தொடங்கியது. வாசகர் ஒருவர் தேடிப் போய்ச் சரிபார்த்தால்தான் இவற்றால் பயன். ஃபார்வர்டில் வந்த படத்துக்காக அப்படித் தேடிப் போகிறவர்களை நான் பார்த்ததில்லை.

இனி எதிர்த்தரப்பு: கேமராவே கையொப்பமிடுவது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்டோர் 2021இல் சேர்ந்து தொடங்கிய சி2பிஏ தரம் இது. படம் எடுத்த கணமே சாதனத்துக்குள் இருக்கும் சாவியால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், டிஜிட்டல் கையொப்பம் விழுகிறது. அப்புறம் எடிட் செய்தால் அதுவும் பதிவாகிறது. லைகா எம்11-பி கேமரா 2023இல் இதோடு வந்தது. 2025இல் வந்த பிக்சல் 10 போன் எடுக்கும் படங்களிலும் உண்டு. பிளாக்செயினைவிட இது ஒரு படி மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் பிளாக்செயினில் பதிவது படம் எடுத்த பிறகு நடக்கிறது. அந்த இடைவெளியில் யாரும் எதையும் செய்யலாம். கேமரா கையொப்பத்தில் அந்த இடைவெளி இல்லை.

ஆனால் நம்பிக்கை முழுதும் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. 2025இல் நிக்கான் இசட்6-III கேமராவில் ஒரு ஓட்டை தெரியவந்தது: பல காட்சிகளை ஒரே படத்தில் சேர்க்கும் மல்டிபிள் எக்ஸ்போஷர் வசதி வழியாக, கையொப்பமில்லாத படத்துக்கும் கையொப்பம் வாங்க முடிந்தது. நிக்கான் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றுகளையும் ரத்து செய்தது. ஒரு திரையில் ஓடும் போலி வீடியோவைக் கையொப்பமிடும் கேமராவால் படம் பிடித்தால் அந்தப் படத்துக்கும் அசல் முத்திரை கிடைக்கும் என்பது இன்னொரு தொல்லை.

ஏஐ உருவாக்கிய படமா என்று சொல்லும் கண்டுபிடிப்பான் மென்பொருள்களையும், ஏஐ படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இடப்படும் கூகுளின் சின்த்ஐடி போன்ற வாட்டர்மார்க்குகளையும் நான் அதிகம் நம்புவதில்லை. வாட்டர்மார்க் அதை இடும் நிறுவனத்தின் படத்தில் மட்டுமே இருக்கும். கண்டுபிடிப்பான் தருவது ஒரு ஊகம்தான். அதைவிட முக்கியம், நம்மைக் காயப்படுத்திய பொய்களுக்கு ஏஐ தேவைப்படவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேறு மாநிலச் சம்பவங்களும் தொடர்பில்லாத சண்டைகளும்தான் அவை. காட்சிகள் அசல், தலைப்பு பொய். எந்தக் கண்டுபிடிப்பானும் அவற்றை "அசல்" என்றுதான் சொல்லியிருக்கும். அங்கே உதவியிருக்கக்கூடியது, இந்த வீடியோ முன்பே இருந்தது என்று காட்டும் காலமுத்திரை. அதுவும் முதலில் எடுத்தவர் பதிந்திருந்தால்.

எல்லா முறையும் தடுக்கி விழும் இடம் வாட்ஸ்அப். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டா போய்விடும். கூடவே கேமரா கையொப்பமும் போகும், ஹாஷும் மாறும். டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். அதனால் அசல் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் எதுவும் பலன் தரும்.

சரி, முடிச்சூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் படம் எடுத்து இழப்பீடு கேட்கிறவர் என்ன செய்யலாம்? நீதிமன்றம் வரை போகக்கூடிய விஷயம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ்தான் முதல் தேவை. அந்தப் படிவமே ஹாஷ் மதிப்பையும் அதன் கணக்குமுறையையும் கேட்கிறது. ஒரு பகுதியை ஃபைலைக் கொடுப்பவரும், இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். பிளாக்செயின் ரசீது அந்தச் சான்றிதழுக்கு மாற்றாகாது, துணையாகலாம். அந்தத் துணைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச முறை, பலருடைய ஹாஷ்களை ஒன்றாகக் கோத்து ஒரே பிட்காயின் பரிவர்த்தனையில் பதிகிறது. ஃபைல் உங்களிடமே இருக்கும், ஹாஷ் மட்டும் வெளியே போகும். பதிவு உறுதிப்படச் சில மணி நேரம் ஆகலாம். நிமிடக் கணக்கில் துல்லியம் கிடைக்காது, நாள் கணக்குக்குப் போதும். ஆண்டுச் சந்தா கேட்டு, படத்தைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளும் சேவைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனம் மூடினால் பிளாக்செயினில் மிஞ்சுவது ஒரு செத்த லிங்க்.

ஆனால் பள்ளி விடுமுறை அறிவிப்பு போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. மழை வலுத்த இரவுகளில் ஆட்சியர் பெயரில் போலிச் சுற்றறிக்கை வருவது நமக்குப் பழகிப்போனது. அங்கே பெற்றோர் கேட்பது "எப்போது வந்தது" என்றல்ல, "யார் கொடுத்தது" என்று. தமிழ்நாடு அரசு 2020இலேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது, நல்லது. இந்த வேலைக்கு அது வேண்டியதில்லை. அறிவிப்பில் ஒரு டிஜிட்டல் கையொப்பம், அரசு இணையதளத்தில் உள்ள அதே அறிவிப்புக்குக் கொண்டுபோகும் ஒரு கியூஆர் கோடு, அந்தப் பக்கம் இரவு பத்து மணிக்கும் திறக்கும்படி ஒரு சர்வர்: இவ்வளவும் இப்போதே செய்யக்கூடியவை. ஆட்சியர் அலுவலகம் இதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் செய்து முடிக்க வேண்டும்.