உங்கள் குழுவின் வெப்சைட் யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

குழு, சங்கம், டிரஸ்ட் என்று ஏதோ ஒன்றுக்கு வெப்சைட் போட்டு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். கொஞ்சம் நீளம்தான். நாங்கள் ஏமாந்ததும் ஒரே நாளில் இல்லை, நாலு வருசமாக ஏமாந்தோம்.

நான் காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். காங்கேயத்திலிருந்து சென்னிமலை, ஊத்துக்குளி வரைக்கும் குளம் பார்க்கிறவர்கள், மகளிர் சுய உதவிக் குழு, உழவர் குழு என்று 17 குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு மாதிரி வைத்திருந்தோம். "மாதிரி" என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஒவ்வொரு குழுவும் அதே வேலையை முதலிலிருந்து செய்துகொண்டிருந்தது. தீர்மானப் புத்தகம் எப்படி எழுதுவது, கடன் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எது வரும், குளத்து வண்டல் மண் எடுக்க மனு எப்படிப் போடுவது என்று ஆளாளுக்கு யாரையாவது தேடிப் போனார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும், அவ்வளவுதான் விசயம். அதற்கே 500 ரூபாய் கொடுத்து ஆள் வைத்து எழுதியவர்கள் எங்களில் உண்டு. அதனால் எல்லா மாதிரிப் படிவங்களையும் அனுபவக் குறிப்புகளையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கலாம் என்று 2021 ஆரம்பத்தில் முடிவு செய்தோம்.

குழுவுக்கு 2,500 வீதம் 42,500 ரூபாய் சேர்ந்தது. கோயமுத்தூரில் மாடி அறை ஒன்றில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து வெப்சைட் செய்து கொடுக்கிற ஒரு தம்பியைத் தலைவர் கூட்டிவந்தார். "நம்ம ஒறம்பரைப் பையன்தானுங்க, வேற ஆளுன்னா வாயில வந்த ரேட்டச் சொல்லுவான்" என்றார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவுக்காரர். பையன் 40,000 கேட்டான். கலரில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்தான். ஐந்து பக்கம், போட்டோ கேலரி, லைஃப்டைம் சப்போர்ட் என்று இருந்தது. யாருடைய லைஃப் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். வெப்சைட்டின் பெயரான டொமைன், அதை வைத்திருக்கிற இடமான ஹோஸ்டிங், இதற்கெல்லாம் காசு யார் கட்டுவது? "அக்கா, அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க, எல்லாம் நம்ம பேர்லயே போட்டுப் பாத்துக்கலாம்" என்றான்.

அந்த "நம்ம"வுக்குள் நாங்கள் இல்லை. அது தெரிய நாலு வருசம் ஆனது.

அரை ஏக்கர் பூமி வாங்குவதென்றாலும் நாம் 30 வருச வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டா, சிட்டா, மூலப் பத்திரம் எல்லாம் கேட்கிறோம். வெப்சைட்டின் பெயருக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது என்று எங்கள் 17 குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்க முடியாது, வருசக் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளத்தான் முடியும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். காசு யார் கொடுத்தது, உள்ளே யார் எழுதியது என்றெல்லாம் அந்தப் பதிவேடு பார்க்காது. எங்களுடையது .org என்று முடிகிற டாட் ஆர்க் பெயர். வருசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். எங்களிடம் "ரினீவல்" என்று வாங்கியது 2022-இல் 4,500, மறு வருசம் 7,000, 2024-இல் 9,500. இரண்டு தடவை ரசீதே இல்லை, அவன் சொந்த நம்பருக்கு ஜிபே. கணக்கு எழுதுகிறவளே ரசீது இல்லாமல் காசு அனுப்பினேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதற்காக எல்லாப் பழியையும் அவன் தலையில் போட முடியாது. சைட்டுக்குள் என்ன போடுவது, எதை எடுப்பது, யார் பார்ப்பது என்று எங்களிடம் ஒரு ஏற்பாடும் இல்லை. பாஸ்வேர்டை நாற்பது பேர் இருக்கிற வாட்ஸாப் குழுவில் போட்டு வைத்திருந்தோம். ஒரு வாரம் முகப்பில் குளத்துப் படம் இருக்கும், அடுத்த வாரம் யாரோ வீட்டுக் காதுகுத்துப் படம் இருக்கும். தமிழ்ப் படிவங்களைப் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தோம், பையன் அப்படியே ஒட்டிவிட்டான். போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. அதைச் சொன்னதற்கு எல்லாவற்றையும் படமாக மாற்றிப் போட்டான். அப்புறம் கூகிளில் எப்படித் தேடினாலும் அதில் இருக்கிற ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

இதைவிட மோசம் மகளிர் குழுப் பட்டியல். உறுப்பினர் பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் சேர்த்து 212 பேர் விவரத்தை யாரோ வெளிப்படையாக ஏற்றிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான், ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கொள்ளட்டும் என்று. இரண்டு மாசத்தில் எங்கள் குழுப் பெண்களுக்கு லோன் ஆப் காரர்கள் போன் மேல் போன். ஒரு அம்மா என்னிடம் வந்து, "ஏன் கண்ணு, எங்கிட்டக் கேக்காம என்ற நம்பரை எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒருவருடைய விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் இப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த அம்மா கேட்டது நியாயம்தானே.

இன்னொன்று, பழசாகிப்போன தகவல். வண்டல் மண் எடுக்கக் கலெக்டருக்கு மனுப் போடவேண்டும் என்று எங்கள் சைட்டில் இருந்தது. 2024-இல் அதை மாற்றி வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 என்று கணக்கும் இருக்கிறது. எங்கள் பக்கத்தை யாரும் மாற்றவில்லை. ஒரு பெரியவர் எங்கள் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு திருப்பூர்க் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் பஸ்ஸில் போய், தாலுகாவிலேயே கொடுங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்தார். ஒரு நாள் பொழுது போச்சு. அந்தப் படிவத்தை எழுதியது யார், எந்தத் தேதியில் என்று அதில் ஒரு வரிகூட இல்லாததால் அவர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எங்கள் எல்லாரையும் திட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் சைட் பயன்பட்டதும் உண்மை. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்றதும், ஊத்துக்குளிப் பக்கத்துக் குழுக்களெல்லாம் தங்கள் குட்டை பட்டியலில் இருக்கிறதா, வாய்க்கால் எந்தப் பக்கம், யாரிடம் சொல்வது என்று அங்கேதான் வந்து பார்த்தார்கள். அதனால்தான் அது போனபோது வயிறு எரிந்தது.

2025 ஜனவரியில் பையன் 22,000 கேட்டான். சர்வர் மாற்றணும், செக்யூரிட்டி போடணும் என்றான். எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொடு தம்பி என்றேன். அன்றைக்குப் பொழுதோடவே சைட் நின்றுவிட்டது. திறந்தால் வெள்ளைத் திரை. சரி, பெயரையும் ஃபைல்களையும் எங்களிடம் கொடுத்துவிடு, நாங்கள் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். மாட்டேன் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். "பண்ணிரலாங்க்கா", "நாளைக்குக் காலையில பாருங்க்கா", "ஒரு கண்ணாலத்துல இருக்கறனுங்க்கா". நேரில் போனால் அறை பூட்டியிருக்கும். தலைவரிடம் சொன்னால், ஒறம்பரையில் போய் எப்படிங்க கண்டிசனாகப் பேசுவது என்று இழுப்பார்.

நாங்கள் இப்படி நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயரின் காலம் பிப்ரவரி 11-இல் முடிந்தது. டாட் காம், டாட் ஆர்க் பெயர்கள் முடிந்த அன்றே கையை விட்டுப் போய்விடாது. பதிவு செய்த கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரணமாகப் புதுப்பிக்கலாம், அதற்குப் பிறகு 30 நாள் அபராதம் கட்டி மீட்கலாம், கடைசி 5 நாளில் ஒன்றும் செய்ய முடியாது, அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 80 நாள். ஆனால் மீட்பதற்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் கேட்கவேண்டும். பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கிற என் நாத்தனார் மகள் ஏப்ரல் கடைசியில் தன் போனில் ஹூயிஸ் என்கிற அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். ஆள் பெயர் மறைத்திருந்தது. நிறுவனம் என்ற கட்டத்தில் அந்தப் பையனுடைய கடைப் பெயர். எங்கள் கூட்டமைப்பின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. "அத்தை, இது உங்க சைட்டே இல்லை" என்றாள். இந்தப் பெயர்களுக்கெல்லாம் விதி வகுக்கிற ஐகேன் அமைப்பு, பெயரை வேறு கம்பெனிக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கேட்ட 5 நாளுக்குள் கொடுத்தாகவேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்த உரிமையும் பதிவு செய்தவருக்குத்தான்.

பெயரைக் காலாவதியாக விடவேண்டும் என்றே அவன் விட்டதாக நான் நினைக்கவில்லை. எங்களிடமிருந்து 22,000 வராதபோது ஆயிரத்துச் சொச்சம் கட்ட அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மே மாசம் முதல் வாரம் சைட் திரும்ப வந்தது. ரம்மி விளையாட்டு, பெட்டிங், முதல் டெபாசிட்டுக்குப் போனஸ். எங்கள் சைட்டின் பெயரில்.

தாராபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். முதல் கேள்வியே, உங்கள் கூட்டமைப்பு பதிவு செய்ததா என்பது. இல்லை. நோட்டில் கையெழுத்துப் போட்ட கூட்டமைப்புதான். அதனால்தான் மேலே "மாதிரி" என்றேன். பதிவில்லாத கூட்டம் யார் பேரில் நோட்டீஸ் விடுவது என்றே முதலில் யோசிக்கவேண்டியிருந்தது. அடுத்த கேள்வி, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா. அந்தக் கலர்த் தாளைக் காட்டினோம், சிரித்தார். 1957-ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து மென்பொருள் எழுதச் சொன்னால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும் அது எழுதியவனுடையது. அந்த உரிமையை எழுதி வாங்கும்போதும் எவ்வளவு காலத்துக்கு என்று போடாவிட்டால் 5 வருசம் என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். போன பெயரை மீட்கச் சர்வதேச அளவில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணமே 1,500 டாலர், அதுவும் அந்தப் பெயரில் நமக்கு டிரேட்மார்க் உரிமை இருந்தால். நாங்கள் சைட் செய்யக் கொடுத்த காசைப் போல மூணு பங்கு. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருசத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லை என்றார். மனுப் போட்டிருக்கிறோம். ரசீது இருக்கிற தொகைக்கு மட்டும்.

உள்ளே இருந்ததில் பாதி கிடைத்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று பழைய பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிற ஒரு இடம் இருக்கிறது. நாத்தனார் மகள் அதில் எங்கள் முகவரியைப் போட்டு 31 பக்கங்களை எடுத்தாள். லாகின் போட்டுப் பார்க்கிற பக்கங்கள் அதில் வராது, அதனால் குழுக்களின் கணக்கு மாதிரிகள் போயே போச்சு. வாட்ஸாப்பில் யாராவது டவுன்லோடு செய்து வைத்திருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டோம்.

இப்போது ஏழு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறோம். புதுப் பெயர் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்றே வைத்த மெயிலில், 5 வருசத்துக்கு எடுத்தாயிற்று (10 வருசம் வரைக்கும் எடுக்கலாம், அதற்கு எங்களிடம் காசு இல்லை). பேங்க் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று தெரிந்த எங்களுக்கு சைட் கணக்கைப் பார்க்கவும் இரண்டு பேர் வேண்டும் என்று முன்பே தோன்றியிருக்கலாம். சைட்டின் முழுப் பிரதி மாசா மாசம் பென் டிரைவில் ஏறி, செக் புத்தகத்தோடு பெட்டிக்குள் போகிறது. நீர், கணக்கு, ஆடு மாடு என்று மூன்று பேர் பொறுப்பு. அவர்கள் பார்க்காமல் எதுவும் ஏறாது. ஒவ்வொரு படிவத்தின் கீழும் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். தையிலும் ஆடியிலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் படிக்கவேண்டும் என்று தீர்மானம். ஒரு தடவை உட்கார்ந்தோம், போண்டா தீர்கிற வரைக்கும் படித்தோம், மீதி இருக்கிறது. செல் நம்பர் ஒன்றுகூட இல்லை.

இன்னும் தீராதது ஒன்றே ஒன்று. 2022-இல் ஊருக்கு ஒன்றாகக் குளத்துக்கரையில் மஞ்சள் போர்டு வைத்து, கறுப்பு எழுத்தில் முகவரி எழுதி, ஓரத்தில் கியூஆர் கட்டமும் ஒட்டியிருந்தோம். ஆடு மேய்க்கிற பசங்க அதை ஸ்கேன் பண்ணி ரம்மிக்குள் போகிறார்கள் என்று ஒரு அண்ணன் போன் பண்ணிச் சொன்னபோதுதான் அந்த போர்டுகளின் ஞாபகமே வந்தது. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு 16 ஊரில் அழித்துவிட்டோம். ஒரு போர்டு மட்டும் மதகைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் நிற்கிறது, தண்ணி இறங்கினால்தான் கிட்டப் போக முடியும். சென்னிமலை ரோட்டில் போகும்போது அந்த மஞ்சள் போர்டைப் பார்த்தீர்கள் என்றால் போனை நீட்டிராதீங்க.