கிளவுடில் கிடக்கும் கோப்புக்குச் சாவி யாரிடம்? டிரைவ், வெராகிரிப்ட், கிரிப்டோமேட்டர்

கூகுள் டிரைவில் ஏற்றும் எந்தக் கோப்பும் அங்கே குறியாக்கம் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாறித்தான் கிடக்கிறது. அமேசான் எஸ்3 சேமிப்பிலும் 2023 ஜனவரி முதல் புதிதாக ஏற்றுவதெல்லாம் நாம் கேட்காமலேயே குறியாக்கம் ஆகிவிடுகிறது. அப்புறம் நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

ஆதார் நகல், பான், வாடிக்கையாளர் கணக்கு என்று வைத்திருப்பவர்கள் மெனக்கெடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. டிரைவின் சாவி வழக்கமாகக் கூகுளிடமே இருக்கிறது. டேட்டா சென்டரிலிருந்து ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது, சரி. உங்கள் கணக்குக்குள் எப்படியோ நுழைந்துவிட்டவனுக்கு எல்லாம் அப்படியே திறக்கும்.

சாவி நம் கையில் இருக்க, கோப்பு கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே அதைப் பூட்ட வேண்டும். ஆப்பிள் தன் ஐகிளவுடிலேயே 2022 டிசம்பரில் இந்த வசதியைத் தந்தது. பிரிட்டிஷ் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் அந்நாட்டுப் புதிய பயனர்களுக்கு அதை நிறுத்தியது. அதனால் சேமிப்புச் சேவையோடு ஒட்டாத தனிக் கருவியையே நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்ட கருவிகளில் வெராகிரிப்ட் மூத்தது. 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் வாரிசு. எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்புக்குள் அடைத்துவிடும். உள்ளே எத்தனை கோப்பு என்றுகூட வெளியிலிருந்து தெரியாது. மறைப்பதில் இதுதான் கெட்டி. ஆனால் கிளவுடுக்கு ஒத்துவராது. 5 ஜிபி பெட்டகத்துக்குள் ஒரு வரியைத் திருத்தினால், மாறிய பகுதியை மட்டும் அனுப்பத் தெரிந்த டிராப்பாக்ஸ் சமாளிக்கும். அது தெரியாத சேவை 5 ஜிபியையும் மறுபடி ஏற்றும். இன்னொரு வினையும் உண்டு. உள்ளே என்ன மாறினாலும் வெராகிரிப்ட் அந்தக் கோப்பின் தேதியை மாற்றாமல் வைத்திருக்கும். கணினியில் மாறியதைக் கிளவுடுக்கு அனுப்பும் (சிங்க் செய்யும்) மென்பொருள் ‘எதுவும் மாறவில்லை’ என்று சும்மா இருந்துவிடலாம். வெராகிரிப்டின் செட்டிங்கில், தேதியை மாற்றாமல் வைக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

கிரிப்டோமேட்டர் கிளவுடுக்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டும். டிரைவைத் திறந்து பார்த்தால் ‘டி’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் வாயில் நுழையாத பெயர்கள், அவ்வளவுதான். ஒன்றைத் திருத்தினால் அது மட்டும் ஏறும். கணினியில் இலவசம், போனில் முழுதாகப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும். குறை என்றால், கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் மாற்றிய நேரமும் மறைவதில்லை. ரகசியத் தகவலாளியைக் காக்கும் பத்திரிகையாளர் அதற்குக் கவலைப்படலாம். ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது போதும்.

டிரைவில் உள்ள தேடல், முன்னோட்டம், லிங்க் அனுப்புவது எதுவும் பூட்டிய கோப்புக்குக் கிடையாது. ஆகவே கல்யாண ஆல்பத்தை எல்லாம் பூட்ட வேண்டாம். பாஸ்வேர்டை மறந்தால் எந்த நிறுவனமும் மீட்டுத் தராது. கிரிப்டோமேட்டர் 44 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தரும். பெட்டகத்தை உருவாக்கும்போதே அதை அச்செடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். கூட்டாளியும் திறக்க வேண்டுமென்றால் ஃபோல்டரை டிரைவில் பகிருங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதே கணக்கின் மெயிலில் அனுப்பாமல் நேரில் சொல்லிவிடுங்கள்.