‘புதியவர்களுக்கான டெசர்ட் டிரைவ்’ என்று காசு வாங்கி மணலில் விட்டுப்போனார்கள்: அமீரகத்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு

துபாய், ஷார்ஜா பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் நம்ம ஆட்கள் குளிர் ஆரம்பித்ததும் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிற குழுக்கள் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகின்றன. அப்படி ஒன்றிடம் நானும் என் நண்பரும் மாட்டினோம். பெயர் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: முதன்முறை வருபவர்களுக்கான டிரைவ், எட்டு வண்டிக்கு மேல் கிடையாது, முன்னால் லீட் ஒருவர், கடைசியில் யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே வர ஸ்வீப் ஒருவர், மணலில் சிக்கினால் இலவசமாக இழுத்துவிடுவோம். வண்டிக்கு 200 திர்ஹம், முன்கூட்டியே. ஹத்தா சாலையில் பிக் ரெட் என்கிற பெரிய மணல்மேட்டுப் பக்கம் போய் நின்றால் இருபது வண்டிக்குக் குறையாது. பாதி, லீடருடைய சிநேகிதர்களின் உயர்த்திக் கட்டிய பேட்ரோலும் ராங்லரும். மீதி எங்களைப் போல ஷோரூமிலிருந்து வந்தது வந்தபடி இருக்கும் பஜேரோ, பிராடோ. சிநேகிதர்களுக்கு ஒரு வேகம், புதியவர்களுக்கு ஒரு வேகம். இரண்டையும் ஒரே கான்வாயில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வரிசையில், கோத்தால் யாருடைய வேகத்தில் போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும் முன் பேச்சு என்று எதுவும் இல்லை. “காத்த இறக்குங்க, என் பின்னாடியே வாங்க”, அவ்வளவுதான். சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை மணலுக்கு 15 வரை இறக்குவது வழக்கம். ரொம்பவும் இறக்கிவிட்டால் வளைத்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நண்பர் யாரிடமோ கேட்டு, அவர் ஏதோ சொல்லி, 8-க்கு இறக்கியிருக்கிறார். காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. வாக்கி டாக்கிகூட சிநேகிதர்கள் கையில்தான்.

அப்புறம் ஓட்டம். மேட்டின் உச்சியைத் தாண்டுவதற்கு முன் முன்னால் போன வண்டி இறங்கி விலகிவிட்டதா என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் நீளக் கம்பியில் கொடி கட்டுவது. எங்கள் வண்டிகளில் கொடியே இல்லை, கொண்டுவரச் சொல்லவும் இல்லை. ஒரு உச்சியில் ஏறி எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஒரு ராங்லர் மண்ணில் புதைந்து நிற்கிறது, அதன் டிரைவர் வெளியே நின்று டயருக்கு முன்னால் கையால் மணலை அள்ளிக்கொண்டிருக்கிறார். நல்ல வேளை மெதுவாக ஏறியிருந்தேன்.

மதியத்துக்கு மேல் நண்பரின் பிராடோவில் முன் டயர் கழன்றது. பின்னால் வந்த இரண்டு வண்டியும் நானும் நின்றோம். முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கண்ணாடியில் பின் வண்டி தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும், நீ நின்றால் உனக்கு முன்னால் இருப்பவன் நிற்பான், அப்படியே லீட் வரைக்கும் போகும். கான்வாய் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஸ்வீப் என்று சொல்லப்பட்ட ஆள்? நடுவில் எங்கேயோ எங்களை ஓவர்டேக் செய்து போய்விட்டார்.

சிக்னல் கிடைத்த இடத்துக்கு நடந்துபோய் போன் செய்து, லீடர் வந்து சேர மாலையாகிவிட்டது. வந்ததும் முதல் வார்த்தை, “ஓட்டத் தெரியாம வந்தா இப்படித்தான்.” இரண்டாவது வார்த்தை, வண்டியை மீட்டுத்தரும் ரெக்கவரிக்கு 500. இலவசம் என்றீர்களே என்றால், அது சிக்கினால் மட்டுமாம், டயர் கழன்றால் தனியாம். பேசிக்கொண்டே வண்டி இழுக்கும் பட்டையை எடுத்து என் வண்டியின் டோ பாலில் மாட்டப் பார்த்தார், பிராடோவை மேட்டிலிருந்து கீழே இழுக்க. டோ பால் டிரெய்லர் இழுக்க வைத்தது, வெடுக்கென்று இழுக்கும்போது முறிந்தால் குண்டு மாதிரி பறந்து வரும், ஆளையே கொல்லும். சேஸிஸில் இருக்கிற கொக்கியில் ஷேக்கிள் (இரும்பு வளையம்) போட்டு மாட்டுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நிஜமாகவே கிளம்பிவிட்டார், பொழுது சாயும் நேரத்தில், காசு கொடுத்த நாலு வண்டியை மணலில் விட்டுவிட்டு.

அந்தப் பக்கமாக லேண்ட் குரூசரில் வந்த ஒரு பெரியவர், உள்ளூர் அமீரகக்காரர், தானாக நிறுத்தினார். பலகை மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, ரிம் ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, கம்ப்ரசரில் காற்று ஏற்ற, டொப்பென்று டயர் உட்கார்ந்தது. ஹிந்தியில் “உங்க லீடர் எங்கே?” என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. தார் ரோடு வரை வழி சொல்லி எங்களை முன்னால் விட்டு, கடைசி வண்டியாக அவர் வந்தார். காசு வாங்கவில்லை.

200-ஐத் திருப்பிக் கேட்டதற்கு இருவரையும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். இதற்கிடையில் நண்பரின் பம்பர் வேறு கிழிந்திருந்தது. இங்கே போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்த கேரேஜும் விபத்து வேலையைத் தொட மாட்டார்கள் என்பது தெரியும்தானே. அதோடு மணலில் ஆன சேதத்துக்கு எல்லா இன்சூரன்ஸும் பணம் தரும் என்று நம்பிவிடாதீர்கள், பாலிசியில் ஆஃப்ரோடு கவர் தனியாக எழுதியிருக்கிறதா என்று கிளம்பும் முன்னேயே பார்த்துவிடுங்கள்.

காசு அனுப்பும் முன் ஸ்வீப் யார் என்று பெயர் கேளுங்கள், அவரிடமே போனில் பேசுங்கள். எத்தனை வண்டி, யார் யாருக்கு வாக்கி டாக்கி, டயர் கழன்றால் யார் செலவு, இதையெல்லாம் மெசேஜில் எழுதி வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். அதே ஆள் இப்போது வேறு குழுப் பெயரில் விளம்பரம் போடுகிறார், விலை 250 ஆகியிருக்கிறது. உங்களுக்கு வந்த அழைப்பு அதுதானோ என்று சந்தேகம் இருந்தால் தனி மெசேஜில் கேளுங்கள், சொல்கிறேன்.