14ஆம் நம்பர் குழாயும் ஒரு பால்புட்டி ரப்பரும்

இந்தத் தடவை ஊருக்குப் போய்வந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கொழுந்தனார் கல்யாணம், குலதெய்வம் கோயில், சொந்தபந்தம் எல்லாம் பின்னால் போய்விட்டு, ஒரு ரப்பர் குழாய்தான் முன்னால் வந்து நிற்கிறது. போனது, வந்தது, விமானத்தில் மருந்துப் பெட்டி ஏற்றியது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதை விடுங்கள்.

எங்கள் சின்னவனுக்கு ஆறு வயது. பெருமூளை வாதம், கூடவே வலிப்பு. விழுங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால் வாய்வழி ஒன்றும் கிடையாது. பால், தண்ணீர், மருந்து எல்லாமே வயிற்றில் போட்ட துளை வழியாகத்தான். அந்தத் துளையில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும், பெயரும் பட்டன்தான். உள்பக்கம் 5 மில்லி தண்ணீர் நிரப்பிய குட்டி பலூன் அது வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கும். பலூன் உடைந்தால் பட்டன் கழன்று விழும். விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். ஒரேயடியாக மூடிக்கொண்டால் திரும்ப ஆபரேஷன்.

நாங்கள் இருக்கும் லண்டனில் இதற்கெல்லாம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாதா மாதம் பால், சிரிஞ்சு, குழாய் எல்லாம் அட்டைப்பெட்டியில் வாசலில் வந்து இறங்கும். காசு கிடையாது. பட்டனை மாற்ற எனக்கும் வீட்டுக்காரருக்கும் நர்ஸ் பயிற்சி கொடுத்திருக்கிறார். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீல்சேருக்கு அளவெடுத்துவிட்டுப் போனால், வண்டி வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவான். ஆனால் பட்டன் விஷயத்தில் ஒரு போன் போதும்.

ஊருக்கு உபரியாக ஒரு பட்டன் எடுத்துப் போயிருந்தோம். முதல் வாரமே பழையது கசிந்ததால் அதைப் போட்டாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷன். நாதஸ்வரம் முடிந்து லைட் மியூசிக் ஆரம்பித்த நேரம், தாத்தா மடியில் இருந்தவனின் பட்டுச்சட்டை நனைந்திருக்கிறது. மாமனார் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வேட்டியை உதறுகிறார். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் பட்டன் அவன் மடியில் கிடக்கிறது. புத்தம்புதுப் பட்டன், பலூன் கிழிந்து தொங்குகிறது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஃபோலி குழாய். சிறுநீருக்குப் போடுவார்களே, அதுவேதான். அதன் நுனியிலும் ஒரு பலூன் இருக்கும். துளையில் செருகி வைத்தால் வழி மூடாது, பாலும் கொடுக்கலாம். அவனுக்கு 14 சைஸ். பைபாஸில் புதிதாக வந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, மீன்தொட்டி. லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஒரு வரவேற்பறையைப் பார்த்ததில்லை.

“ஃபைல் போடணும் மேடம்.” போட்டோம். “இன்ஷூரன்ஸ் இருக்கா?” இல்லை. “என்.ஆர்.ஐ.யா?” அதை எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ! டூட்டி டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன்தான். பட்டனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனில் தேடினார். பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். குழந்தைகள் சர்ஜன் காலையில்தான் வருவாராம். அதுவரை ஐ.சி.யூ.வில் அட்மிஷன். முன்பணம் 50,000.

“ஐ.சி.யூ. எதுக்குங்க? ஒரு 14 ஃபோலி குடுங்க, நாங்களே போட்டுக்கறோம்” என்றார் இவர்.

“அப்படியெல்லாம் தர முடியாது சார். ரூல்ஸ்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. லண்டனில் ரூல்ஸ் என்றால் குறைந்தபட்சம் எந்த ரூல் என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். இங்கே அந்தச் சொல்லை வைத்தே கதவைச் சாத்திவிட்டார்கள். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

சித்தப்பா பைக்கில் முன்னால் போக, நாங்கள் காரில் அரசு ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப் வரிசைக்குப் போனோம். ராத்திரி பத்து மணிக்கும் அங்கே பகல்தான். கடைக்காரர் கேட்ட கேள்விகளை இன்னும் மறக்க முடியவில்லை. “டூ வேதானே? லேடெக்ஸா, சிலிகானா? எவ்வளவு நேரமாச்சு வெளிய வந்து?” ஒரு டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! அவரிடம் 12 இருந்தது, 16 இருந்தது, 14 இல்லை. கடைப்பையனைப் பக்கத்துக் கடைகளுக்கு ஓடவிட்டார். குழாய் வந்ததும் ஜெல்லி, ஸ்டெரைல் வாட்டர், பிளாஸ்டர் என்று நாங்கள் கேட்காமலே எடுத்து வைத்தார். “நீங்களா போடாதீங்க. நேரா கேஷுவால்டிக்குப் போங்க. சிஸ்டருக்கு இது பழக்கம்” என்றார்.

அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. திரைச்சீலை இருக்க வேண்டிய இடத்தில் கம்பி மட்டும் இருந்தது. கை முறிந்து வந்திருந்த பெரியவர் தன் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எங்கள் கட்டில் பக்கம் வந்து நின்றுவிட்டார். ஒரு பையன் போனைத் தூக்கினான், நான் முறைத்த முறைப்பில் இறக்கினான். எங்கள் ஊர் நர்ஸ் என்றால் (லண்டனும் எங்கள் ஊர் ஆகிவிட்டது பாருங்கள்) முதலில் கதவைச் சாத்தி, பிள்ளையிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிவிட்டுத்தான் தொடுவார். இங்கே சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, “என்னடா கண்ணா, கல்யாணத்துல என்ன கலாட்டா?” என்றார். அவ்வளவுதான் அறிமுகம். சின்னவன் சிரித்துவிட்டான். புது ஆள் தொட்டாலே விறைத்துக்கொள்கிறவன் அவன்.

டூட்டி டாக்டர் துளையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குழாய் ஒரே தடவையில் உள்ளே போனது. பலூனில் தண்ணீர் ஏற்றி, லேசாக இழுத்துப் பார்த்தார் சிஸ்டர். பிறகு ஒரு வேலை செய்தார். அலமாரியிலிருந்து புதுப் பால்புட்டி ரப்பர் ஒன்றை எடுத்தார், நிப்பிள் இருக்கிறதே, அது. நுனியைக் கத்தரித்துக் குழாயில் கோத்து, அகலமான பக்கம் வயிற்றில் படியும்படி கீழே இறக்கி, பிளாஸ்டர் போட்டு இறுக்கினார். குழாய் தோலைத் தொடும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. “இந்தக் கோடு உள்ள போச்சுன்னா குழாயும் உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், அக்கா. பலூன் இரைப்பையை விட்டு வெளியே போற வழியை அடைச்சுக்கும், புள்ள வாந்தி எடுப்பான். ஒவ்வொரு தடவை பால் குடுக்கறதுக்கு முன்னாடியும் பாருங்க.”

பட்டனுக்கு வெளிப்பக்கமே ஒரு தட்டு உண்டு, அதனால் உள்ளே நழுவாது. ஃபோலிக்கு அது கிடையாது. இல்லாத தட்டைத்தான் ஒரு பால்புட்டி ரப்பரில் அவர் செய்து முடித்துவிட்டார்.

குழாய் சரியாக வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் குழாய்க்கு இந்தச் சத்தத்தை நம்பக் கூடாது என்றுதான் லண்டனில் பல வருஷமாகச் சொல்கிறார்கள். உள்ளிருந்து கொஞ்சம் திரவம் இழுத்து, அமிலத்தைக் காட்டும் பி.ஹெச். தாளில் விட்டு, 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் பையில் தாள் இருந்தது, எடுத்து நீட்டினேன். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். “அட, குடுங்க” என்று வாங்கி, நிறம் மாறுவதைப் பெரியவருக்கும் காட்டினார். மிச்சத் தாளையெல்லாம் சிஸ்டரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

பில் கிடையாது. வெளியே வரும்போது, நாங்கள் கேட்காமலே ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்த ஆள் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்று 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். 50,000 கேட்டவர்களிடம் வராத எரிச்சல் இந்த 200இல் வந்தது ஏனோ!

மண்டபத்துக்குத் திரும்பினால் பெரியவள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. மொட்டைமாடியில் அத்தை மகள்களோடு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். லண்டனில் தம்பிக்கு ஒன்று என்றால் அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டுமென்றால் முன்கூட்டியே நாலு பேருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இங்கே அவளுக்கு அந்த ராத்திரி என்ன நடந்தது என்றே தெரியாது. இதற்காகவே வருஷா வருஷம் வரலாம் என்று நினைத்த அதே நிமிஷம் பெரியம்மா வந்து, “அந்த ஓட்டையை மூடிட்டா வாயால சாப்பிட்டுருவான்ல?” என்றார். என்ன சொல்ல!

மறுவாரம் சிஸ்டரைப் பார்க்கப் போனபோதுதான் அந்த ரப்பர் வித்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. பக்கத்துக் கிராமத்தில் இதே போல ஒரு பாப்பா இருக்கிறாள். அவளுக்குப் பட்டனே போட்டதில்லை, எப்போதும் ஃபோலிதான். நழுவி நழுவிப் போனதில் சிஸ்டரும் அவள் அம்மாவும் சேர்ந்து கண்டுபிடித்துக்கொண்ட வழி. அன்றைக்கு அந்த அம்மாவும் குழாய் மாற்ற வந்திருந்தார். கஞ்சியை அரைத்து, வடிகட்டி, அதில்தான் கொடுக்கிறாராம். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபி செய்ய வீட்டுக்கே ஆள் வருகிறார்கள் என்றார். அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை அப்போது மாதம் 2,000 ரூபாய். எங்கள் பட்டனைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். என்ன விலை என்று கேட்டார். அங்கே சும்மா கொடுக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, தெரியாது என்றேன்.

லண்டன் திரும்பியதும் நர்ஸ் அந்தப் பால்புட்டி ரப்பரைப் பார்த்தார். தோல் சுத்தமாக இருந்தது, புண் இல்லை, கசிவு இல்லை. நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு, சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்ப உட்கார்ந்துவிட்டார். யார் போட்டது, என்ன தகுதி, அனுமதி பெற்ற உபகரணமா? அந்தக் கடைசிக் கேள்விக்கு இவர் “பேபி பாட்டில்” என்று சொல்ல, அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

இப்படிப் பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உபரிப் பட்டன் குறைந்தது இரண்டு வேண்டும், கைப்பையிலேயே இருக்க வேண்டும். சென்னையில் ஒரு டீலர் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார், ஆனால் முன்பணமும் நாளும் ஆகும். டாக்டர் கடிதத்தில் பட்டனின் சைஸையும் பலூன் தண்ணீர் அளவையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். இந்தியாவில் கிடைக்கும் சாதாரண சிரிஞ்சு லண்டன் குழாய் முனையில் பொருந்தாது, லண்டன் சிரிஞ்சையும் தேவைக்கு எடுத்துப் போங்கள். ஃபோலி மட்டும் பெரிய ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் மெடிக்கல்களில் தேடினால் கிடைக்கும். பிள்ளையின் சைஸ் இல்லையென்றால் ஒரு சைஸ் சின்னதாக வாங்குங்கள் (எங்கள் சின்னவனுக்கு 14 இல்லையென்றால் 12), பெரியது உள்ளே போகாது.