'முழுமையான உணவு' என்று அட்டையில் இருந்தது, எலும்பு மட்டும் உள்ளே இல்லை: பச்சை இறைச்சி பாக்கெட் வாங்குவோர் கவனத்துக்கு

வளரும் நாய்க்குட்டியை டிரை ஃபுட்டிலிருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றலாம் என்று நினைப்பவர்கள், அதுவும் உறைய வைத்த ரெடிமேட் பாக்கெட்டை நம்பி மாறப் போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிடுங்கள். நான் எட்டு வாரம் ஒரு பாக்கெட்டை நம்பினேன். என் வீராவின் பின்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. சோபாவிலிருந்து கீழே குதித்தான், அவ்வளவுதான்.

வீரா லாப்ரடார். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது டிரை ஃபுட்தான் சாப்பிட்டான். அடிக்கடி உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பான். அதற்கு வழி தேடும்போதுதான் அந்த விற்பனையாளரிடம் போய்ச் சேர்ந்தேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பேசிய அதே பேச்சைப் பேசி விற்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அந்தப் பேச்சைத் தெரிந்துகொண்டால் போதும்.

போனில் முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். நாய் ஓநாயின் வம்சம், மாவுச்சத்து அதற்கு விஷம் என்றார். 2007-இல் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த தீவனத்தால் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்ததைச் சொல்லி, "இதுதான் மேடம் கம்பெனித் தீவனம்" என்றார். அந்தச் சம்பவம் உண்மை. ஆனால் அப்போது திரும்பப் பெற்றவற்றில் பெரும்பாலானவை டின்னிலும் பவுச்சிலும் வந்த ஈர உணவுகள் என்பதை அவர் சொல்லவில்லை. ஓநாய்க் கதையும் அரைகுறைதான். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்சைமுக்கான மரபணு ஓநாயிடம் பெரும்பாலும் இரண்டு பிரதிதான் இருக்கும், நாய்களிடம் அது பல மடங்கு. 2013-இல் வெளியான ஆய்வு இது. மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாயின் வயிறே மாறியிருக்கிறது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

"நம்ம பாக்கெட்ல எண்பது பங்கு இறைச்சி, பத்து பங்கு அரைச்ச எலும்பு, அஞ்சு பங்கு ஈரல், அஞ்சு பங்கு மத்த உள்ளுறுப்பு. வேற எதுவுமே சேர்க்க வேண்டாம் மேடம், குட்டிக்கும் இதுவே போதும்" என்றார். அட்டையிலும் 'எல்லா வயது நாய்களுக்கும் முழுமையான, சமச்சீர் உணவு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

முதல் மூன்று வாரம் எனக்கு அத்தனை சந்தோஷம். முடி பளபளத்தது, மலம் கொஞ்சமாக, இறுக்கமாக வந்தது, தட்டை நக்கித் தீர்த்தான். தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு நானே சிபாரிசு செய்தேன். கொழுப்பு கூடினால் முடி பளபளக்கத்தான் செய்யும். எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முடி காட்டாது.

ஐந்தாவது வாரம் வீரா படியேறத் தயங்கினான். முன்னங்கால் பாதங்கள் தட்டையாகி வெளிப்பக்கம் விரிந்தன. தூக்கினால் முனகினான். விற்பனையாளரைக் கேட்டால், "டீடாக்ஸ் மேடம், பழைய தீவனத்தோட கழிவு வெளியேறுது" என்றார். அடுத்த வாரம் கேட்டபோது வளர்ச்சி வலி என்றார். நான் விடாமல் கேட்கவே, "சந்தேகமா இருந்தா ரத்தத்துல கால்சியம் பாருங்க" என்று அவரே சொன்னார். பார்த்தேன். சரியான அளவில் இருந்தது. "பார்த்தீங்களா" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி இன்னும் இரண்டு வாரம் அதே பாக்கெட்டைக் கொடுத்தேன்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். உணவில் கால்சியம் குறைந்தால் உடம்பு ரத்தத்தில் அதைக் குறைய விடாது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் அனுப்பும். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், எலும்பு காலியாகிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்ரேயில் அதை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய தொடை எலும்பு, சுற்றியிருந்த தசையின் சாம்பல் நிறத்திலேயே கரைந்து கிடந்தது. எலும்பின் ஓரம் பென்சில் கோடு மாதிரி மெல்லியதாக இருந்தது. ஒரு இடத்தில் ஈரக் குச்சியை மடக்கியது போல மடிந்திருந்தது. பிளேட் வைக்க முடியாது, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இந்த எலும்பில் பலம் இல்லை என்றார் டாக்டர். "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அட்டையைக் காட்டினேன். "இதுல பத்து பங்கு எலும்பு இருந்திருந்தா இப்படி ஆகாது. வீட்டுக்குப் போய் ஒரு பாக்கெட்டைப் பிரிச்சுப் பாருங்க" என்றார்.

அன்று இரவே பிரித்தேன். ஒரு பாக்கெட்டை உருகவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் ஊற்றி, குழாயடியில் கழுவினேன். அரைத்த எலும்பு இருந்தால் மணல் மாதிரி நெருடும். விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளைச் சவ்வும் நாரும் கொழுப்புமாகத் தங்கியது, ஒரு பொடி எலும்பு இல்லை. இன்னும் மூன்று பாக்கெட் கழுவினேன். அவற்றிலும் இல்லை. கையெல்லாம் விறைத்துப்போய் சிங்க் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எலும்பில்லாத இறைச்சி 100 கிராமில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். குட்டிக்குக் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ, வளரும் நாய்க்கு 1000 கிலோகலோரிக்குக் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும் என்கிறது. வெறும் இறைச்சியில் அதே கலோரிக்குக் கிடைப்பது 0.07 கிராம் அளவுதான். தேவையில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகக் கால்சியம் மாத்திரையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு மேல் வரம்பும் உண்டு, அதே 1000 கிலோகலோரிக்கு 4.5 கிராம். சின்ன வயதில் அவற்றின் குடலால் அதிகக் கால்சியத்தைத் தடுக்க முடியாது, அப்போது எலும்பும் மூட்டும் வேறு விதமாகக் கெடும்.

எக்ஸ்ரேயையும் சல்லடைப் படத்தையும் விற்பனையாளருக்கு அனுப்பினேன். முதலில் "மத்த கஸ்டமருக்கெல்லாம் நல்லா இருக்கே மேடம்" என்றார். அப்புறம் எலும்பு அரைக்கும் மெஷின் பழுது, 'கொஞ்ச நாளாக' எலும்பில்லாமல் போட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அட்டையை மட்டும் மாற்றவில்லையாம். பணத்தைத் திருப்பித் தருகிறேன், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நான் வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, அதே அட்டையின் மேல் 'துணை உணவாக மட்டும்' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். பழைய அட்டை என்னிடம் இருக்கிறது. புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

யாரிடம் வாங்கினாலும் எண்ணைக் கேளுங்கள். 1000 கிலோகலோரிக்குக் கால்சியம் எத்தனை கிராம், பாஸ்பரஸ் எத்தனை கிராம், லேபில் சோதித்த அறிக்கை எங்கே, எந்த வயதுக்கு, பெரிய இனக் குட்டிக்கு ஒத்துவருமா, கலவையை வகுத்த ஊட்டச்சத்து நிபுணர் யார். நேர்மையாக விற்பவரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும். "இயற்கை மேடம், இயற்கைக்கு எதுக்கு எண்ணு" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். எண்பது-பத்து-பத்து என்ற கணக்கு அப்படியே சரியாக இருந்தாலும் துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் குறைய வாய்ப்பு உண்டு என்று டாக்டர் எச்சரித்தார்.

கிருமி பற்றியும் ஒரு வார்த்தை. நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 196 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்ததில் 15-இல் சால்மோனெல்லா கிருமியும் 32-இல் லிஸ்டீரியா கிருமியும் இருந்தன. ஃப்ரீசரில் சால்மோனெல்லா சாகாது. நாய் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதன் மலத்திலும் எச்சிலிலும் கிருமி வீட்டுக்குள் பரவலாம். குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ இருக்கும் வீடு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

பச்சை இறைச்சி கொடுத்து நன்றாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நிபுணரிடம் கணக்குப் போட்டு வாங்கி, கிராம் பிசகாமல் எடை போடுகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

வீரா ஆறு வாரம் கூண்டுக்குள் இருந்தான், நடக்கவே விடவில்லை. பெரிய இனக் குட்டிகளுக்கான டிரை ஃபுட், வலி மருந்து, அவ்வளவுதான் சிகிச்சை. ஆறாவது வார எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடி வெளுத்திருந்தது. மடிந்த இடம் கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது, அது அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். இப்போது ஓடுகிறான். திரும்பும்போது மட்டும் இடது பின்னங்காலைச் சற்று வெளியே வீசி வைக்கிறான். சொறிச்சலுக்குக் காரணம் உண்ணி ஒவ்வாமை என்று அப்புறம் தெரிந்தது. தீவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.